நாலு கிராம் ஈயம்

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் நலம் என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். அடித்தால் தாள் அசிங்கமாகிவிடும், அப்படியே இருக்கட்டும். நீ நலமா? தலைவலி விட்டதா?

போன மாதம் நீ மலையிலிருந்து லாரியில் இறங்கிவந்து போன் செய்தபோது நான் "ம்" மட்டும்தான் சொன்னேன் என்று திட்டினாய். "கடுதாசியாவது போடுடி கொசு, உன் குரலைக் கேக்கறதுக்குப் பூதக்கண்ணாடி வேணும்" என்றாய். போடுகிறேன். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால் வார்த்தை வருகிறது.

டாக்டரம்மா சொன்னதை மாற்றாமல் எழுதச் சொன்னாய். அப்பாவின் இரைப்பையில் இருக்கும் புற்று பக்கத்திலும் பரவியிருக்கிறது. இன்னும் இரண்டு தடவை மருந்து ஏற்றுவார்கள். கட்டி சுருங்கினால் ஜூலை தொடக்கத்தில் அறுவைச் சிகிச்சை. "ஆனா இந்த உடம்பு கத்தியைத் தாங்காது. நாப்பத்தெட்டு கிலோவோட வாங்க, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்றார். அப்பா உடனே, "முப்பது வருஷமா தராசு ரிப்பேர் பண்றவன் நான். கிலோ எல்லாம் எனக்குச் சொந்தக்காரங்க மாதிரி. கூப்பிட்டா வருவாங்க" என்றார். டாக்டரம்மா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

எடை பார்ப்பதற்கு வேறெங்கும் போகவேண்டியதில்லை. முன் அறையில், மூடிப்போன மாவு மில்லிலிருந்து ரிப்பேருக்கு வந்து, யாரும் திரும்பக் கேட்காமல் நம்மோடு தங்கிவிட்ட மேடைத் தராசு இருக்கிறதே, அதுதான். ஞாயிறு காலை, சாப்பாட்டுக்கு முன்னால். அப்பா மேடையில் ஏறி நிற்பார். நான் நாற்பது கிலோவுக்கான கல்லைக் கோலில் மாட்டி, மிச்சத்துக்கு நகரும் குண்டைத் தள்ளுவேன். கோலின் நுனியில் இருக்கும் முள் மேலும் கீழும் ஆடும். "ஆடற முள்ளைப் பாத்து எடை சொல்லாத. நிக்கட்டும்" என்பார். அது நிற்கும் வரை இரண்டு பேரும் மூச்சுவிடுவதில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் இரும்புத் தூள் மிதந்துகொண்டிருக்கும். அந்தக் கொஞ்ச நேரம் வீட்டில் யாருக்கும் எதுவும் இல்லாதது போல இருக்கும்.

நேற்று 43.4.

நான் பள்ளிக்குத் திரும்பப் போகலாமே என்று கேட்டிருந்தாய். வருகைப் பதிவில் என் பெயரைக் கூப்பிட்டால் எனக்குச் சத்தம் வராது. உட்கார்ந்திருக்கும்போதே வரவில்லை என்று போட்டுவிடுவார்கள். இரண்டு வருஷம் அப்படி வராமலே போய்வந்தேன். இப்போது அப்பாவால் ஸ்பானர் பிடிக்க முடியவில்லை. கடைத் தராசுகளை நான்தான் பார்க்கிறேன். தராசு பெயர் கூப்பிடுவதில்லை.

உன் லீவு எப்போது? அப்பா கேட்கவில்லை. ஆனால் வாசலில் வண்டி நின்றால் தலையைத் தூக்கிப் பார்க்கிறார்.

உன் பதிலைத் தேடும்,
தங்கை

மார்ச் 13

அன்புள்ள கொசுவுக்கு,

நான் நலம். தலைவலி இருக்கிறது, ஆனால் அதற்கு நான் பழகிவிட்டேன், அதுவும் என்னிடம் பழகிவிட்டது. நீ இவ்வளவு பேசுவாய் என்று எனக்குத் தெரியாது! சமையல்கார அண்ணனிடம் காட்டினேன். "உன் தங்கச்சி ஊமைன்னு சொன்னியே" என்கிறார்.

இங்கே சுரங்கப்பாதைக்காக மலைக்கு இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம், இரண்டு பேரும் குடைந்துகொண்டே வருகிறார்கள். நடுவில் சந்திக்க வேண்டுமாம். நான் சமையல்கூடத்தில் தினமும் முந்நூறு முட்டை உடைக்கிறேன். வெடி வைக்கும்போது அலமாரியில் தட்டுகள் எல்லாம் குளிரில் பல் நடுங்குவது போல நடுங்கும்.

லீவு விஷயம் கேள். ஒப்பந்தப்படி வருஷத்துக்கு ஒரே தடவை, பதினைந்து நாள். பிய்த்துப் பிய்த்து எடுக்க முடியாது. அப்பாவோடு சும்மா இருப்பதற்கு இப்போதே வரவா, அறுவைக்கு வரவா? யோசித்து யோசித்து முட்டை ஓட்டையெல்லாம் சட்டியில் போட்டுவிட்டேன். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். நீ அப்பாவின் எடை எண்ணை எழுது. ஏறினால் அறுவைக்கு வருகிறேன். இறங்கினால் உடனே கிளம்புகிறேன். உன் எண்தான் எனக்கு டிக்கெட்.

அம்மாவைச் சரியாகச் சாப்பிடச் சொல். அவள் எடையை யாரும் பார்ப்பதில்லை.

முத்தங்களுடன்,
அக்கா

மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து ஆறு நாள் ஆயிற்று. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். அம்மா சாப்பிடுகிறாள், நின்றுகொண்டு. அப்பாவுக்கு ஒரு தடவை மருந்து ஏற்றியாயிற்று. அதற்குப் பிறகு பகலெல்லாம் தூங்குகிறார். தூக்கத்தில் பேசுகிறார். "அந்தச் சின்னத் தட்டை எடு, பஞ்சு வச்சிருக்கேன் பாரு, பறந்துடும்" என்றார் ஒரு நாள். நான் எழுந்துபோய், இல்லாத தட்டை எடுத்து வைத்தேன். "ம், அங்கதான்" என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கிப்போனார்.

எட்டாம் தேதி 43.0. நான் சொன்னேன், அப்பா தலையாட்டினார். தட்டில் இருந்த முட்டையைத் தொடவே இல்லை. மூன்று நாள் அப்படி. அம்மா பாலை ஆற்றி ஆற்றி, அது தண்ணீராகவே ஆகிவிட்டது.

பதினைந்தாம் தேதி 43.6. அன்றைக்கு இரண்டு முட்டை சாப்பிட்டார். இருபத்திரண்டாம் தேதி 44.0. ஒரு பழமும் சேர்த்து.

வேறு என்ன எழுதுவது? ஒரு கடைக்காரர் எடைக்கல் கொண்டுவந்தார், சரிபார்க்க. உனக்குத் தெரிந்திருக்காது, கல் என்று சொன்னாலும் அது இரும்பு. அடியில் சின்னக் குழி இருக்கும், அதில் ஈயம் ஊற்றியிருப்பார்கள். கல் தேய்ந்து எடை குறைந்தால் ஈயம் சேர்ப்போம், கூடுதலாக இருந்தால் சுரண்டுவோம். மேடைத் தராசின் கல் வேறு மாதிரி. அது நூற்றில் ஒரு பங்குதான் இருக்கும். நாற்பது கிலோ என்று எழுதியிருக்கும், கையில் எடுத்தால் நானூறு கிராம். அதில் நாலு கிராம் ஈயம் குறைந்தால், மேடையில் நிற்பவர் நானூறு கிராம் கூடிவிடுவார். கத்தி முனையில் நிற்கிற தூள்தான் நாலு கிராம். விசித்திரமாக இருக்கிறது, இல்லையா?

எண் ஏறுகிறது. அதனால் நீ அறுவைக்கே வரலாம் என்று நினைக்கிறேன்.

தங்கை

ஏப்ரல் 6

என் பெரிய மகளுக்கு,

ஆசிகள். நான் நலமில்லை, ஆனால் நீ நினைக்கிற அளவுக்கு மோசமும் இல்லை. வாய் எல்லாம் தகரம் மாதிரி இருக்கிறது. உன் அம்மா என்ன செய்தாலும் தகர ருசிதான். அதை அவளிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

சின்னவளும் அம்மாவும் கடைக்குப் போயிருக்கிறார்கள். அவசரமாக எழுதுகிறேன். கையெழுத்து ஆடினால் பொறுத்துக்கொள்.

சின்னவள் கல்லில் ஈயம் சுரண்டுகிறாள். போன மாதம் பதினைந்தாம் தேதி அவள் மாட்டிவிட்டுப் போன பிறகு கல்லைக் கையில் எடுத்தேன். எட்டு கிராம் குறைவு. கையே சொல்லியது. கடையில் இப்படி ஒரு கல்லைப் பிடித்திருந்தால் அந்த ஆளை நடுத்தெருவில் நிறுத்திக் கேட்டிருப்பேன். இப்போது வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது. வேலை சுத்தம். அடியில் மெழுகு தடவிக் கறுப்பாக்கியிருக்கிறாள், கள்ளி.

நான் சரிசெய்யவில்லை. தப்பு என்று தெரிந்தும் நான் விட்டுவைத்த தராசு இது ஒன்றுதான். காரணம் சொல்கிறேன். எண்ணைச் சொல்லும்போது அவள் குரல் கேட்கிறது. 43 என்று கொசு மாதிரி சொன்னவள், நேற்று "நாப்பத்தி நாலு புள்ளி நாலு" என்று சொன்னது அடுப்படியில் உன் அம்மாவுக்குக் கேட்டது.

தராசு தப்பு என்றால் இரண்டு வழி உண்டு. தராசைத் திருத்தலாம், அல்லது மேலே இருக்கும் சாமானைக் கூட்டலாம். நான் இரண்டாவதைச் செய்துகொண்டிருக்கிறேன். அவள் எழுதும் எண்ணைத் துரத்திக்கொண்டு சாப்பிடுகிறேன். பெட்டியில் இன்னொரு நாற்பது கிலோ கல் இருக்கிறது. இன்று அதை வைத்துப் பார்த்தேன். 42.6. உனக்கு நான் பொய் சொல்ல மாட்டேன்.

இரண்டு விஷயம். ஒன்று, அறுவைக்கு வராதே. அறுவையில் நான் மயக்கத்தில் கிடப்பேன், நீ வந்து யாரைப் பார்ப்பாய்? அதற்கு முன்னால் வா. என்னோடு சண்டை போடு, பேப்பரை என் கையிலிருந்து பிடுங்கு. இரண்டு, உடனே கிளம்பிவிடாதே. அவளாகச் சொல்லட்டும். நாம் கண்டுபிடித்துவிட்டோம் என்று தெரிந்தால் அவள் வாய் இன்னும் பத்து வருஷத்துக்குத் திறக்காது. எனக்கு அவ்வளவு நேரம் இல்லை.

வாசலில் சத்தம். முடிக்கிறேன்.

அப்பா

ஏப்ரல் 16

அன்புள்ள கொசுவுக்கு,

நலம், நலம், நலம். மூன்று தடவை எழுதினேன், ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

44.0 பார்த்தேன். சந்தோஷம். ஈயக் கதையும் படித்தேன். இரண்டு தடவை படித்தேன். நீ இவ்வளவு நன்றாக விளக்குவாய் என்றால் உன்னை வரவில்லை என்று போட்ட டீச்சருக்குத்தான் நஷ்டம்.

நேற்று சுரங்கத்துக்குள் என்னை அழைத்துப் போனார்கள், சாப்பாட்டுத் தூக்கோடு. உள்ளே போகப் போக வாசல் ஒரு பொட்டு மாதிரி ஆகிவிடுகிறது. கடைசியில் சுவர். அதில் காதை வைக்கச் சொன்னார்கள். அந்தப் பக்கத்து ஆட்கள் குடைவது கேட்டது, யாரோ தூக்கத்தில் பல்லைக் கடிப்பது போல. அவர்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்கள் என்று கேட்டேன். தெரியாது, கேட்கிறது, அவ்வளவுதான் என்றார் ஃபோர்மேன்.

எண் ஏறிக்கொண்டே போனால் ஜூலையில் வருகிறேன். லீவு பாரத்தில் தேதி மட்டும் இன்னும் எழுதவில்லை. வேறு ஏதாவது என்னிடம் எழுத வேண்டும் என்றால் எழுது. நான் திட்ட மாட்டேன். திட்டினாலும் கடிதம் வர பத்து நாள் ஆகும், அதற்குள் என் கோபம் ஆறிவிடும்.

அக்கா

மே 4

அக்கா,

நேற்று தராசு 45.6 என்றது.

அப்பாவுக்கு இரண்டாவது மருந்தும் முடிந்துவிட்டது. மதியம் பின்பக்கத்துப் படிகளில் வெயில் விழும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். வெயில் நகர நகர அவரும் ஒவ்வொரு படியாக இறங்குகிறார். கடைசிப் படிக்கு வந்ததும் "வண்டி கடைசி ஸ்டாப்புக்கு வந்தாச்சு, இறங்குங்க" என்பார். அம்மா நாற்காலியை எடுத்துக்கொண்டு வருவாள். எனக்கு அந்த நேரம் பிடிக்கும். பூனை கூட அப்போது அவசரப்படாது.

சனிக்கிழமை அப்பா என்னைக் கூப்பிட்டு பெல்ட்டை நீட்டினார். "இன்னொரு ஓட்டை போடும்மா" என்றார். நான் ஊசியைச் சூடாக்கி, கடைசி ஓட்டையிலிருந்து இரண்டு விரல் தள்ளிப் போட்டேன். போட்டுக்கொண்டிருக்கும்போதே கை நின்றுவிட்டது. தராசில் ஏறுகிறார், பெல்ட்டில் இறங்குகிறார். அப்பா பெல்ட்டை மாட்டிக்கொண்டு, "நல்லா இருக்கு" என்றார்.

அன்று ஒரு கனவு வந்தது. அப்பா மேடையில் நிற்கிறார். முள் ஏறிக்கொண்டே போகிறது. நான் எண்ணைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், ஐம்பது, அறுபது, நூறு. நிமிர்ந்து பார்த்தால் மேடையில் சட்டை மட்டும் நிற்கிறது.

நான் உனக்கு அனுப்பிய எண்கள் பொய். ஈயத்தைச் சுரண்டினேன். மொத்தம் இருபத்து நாலு கிராம். ஒரு தீப்பெட்டியில் வைத்திருக்கிறேன். அப்பா சாப்பிட வேண்டும் என்றுதான் செய்தேன், உன்னை ஏமாற்ற அல்ல. ஆனால் உன் டிக்கெட்டும் அதே தராசில்தான் இருக்கிறது என்பதை முதல் தடவை எழுதும்போதே தெரிந்துகொண்டுதான் எழுதினேன். உண்மையான எடை 43.2. கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஜூலைக்குக் காத்திருக்காதே. வா.

தங்கை

மே 18

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமா? என் கடிதம் கிடைத்ததா? பதில் வரவில்லை. மழையில் மலைப்பாதை அடைத்துவிட்டது என்று தபால்காரர் சொன்னார். அதுதான் காரணமாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொள்கிறேன். நீ கோபமாக இருந்தால் அதையாவது எழுது.

நேற்று அப்பாவை நிறுக்கும்போது எண்ணைச் சொல்ல வாய் வரவில்லை. அப்பா, "என்ன, தராசுக்குத் தொண்டை கட்டிக்கிச்சா?" என்றார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

தங்கை

ஜூன் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாகப் போய்ச் சேர்ந்தாயா? நான் மே 18 எழுதிய கடிதம் நீ திரும்பிப் போகும் முன்னே அங்கே போய் உட்கார்ந்திருக்கும். அதைப் படிக்காமல் கிழித்துவிடு. நீயோ அது வரும் முன்பே கிளம்பிவந்து, பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று "ஏ கொசு, கதவைத் திறடி, கால் வலிக்குது" என்று கத்திக்கொண்டிருந்தாய். அதைவிட நல்ல பதில் எனக்கு யாரும் போட்டதில்லை.

பதினைந்து நாளும் எங்கே போயிற்று என்று தேடுகிறேன். தண்ணீருக்கு அடியில் கண்ணைத் திறந்து பார்த்தது போல இருக்கிறது, எல்லாம் இருக்கிறது, எதற்கும் ஓரம் இல்லை. நீ அப்பாவின் பேப்பரைப் பிடுங்கினாய். அவர் "திருடி, திருடி" என்று கத்தினார். நீ சமைத்த சூப்பை, முந்நூறு பேருக்கு ஆகிற அளவு, மூன்று நாள் சாப்பிட்டோம். நாலு பேரும் மதியம் ஒரே அறையில் தரையில் படுத்திருந்தோம். யாருடைய மூச்சு யாருடையது என்று கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பார்த்தேன். அப்பாவுடையது நடுவில் ஒரு தடவை நிற்கும், பிறகு வரும். அது வருவதற்காகக் காத்திருந்து காத்திருந்து நான் தூங்கிப்போவேன்.

முதல் நாளே நீ அப்பாவின் கடிதத்தை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாய். படித்துவிட்டு நான் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளலாமா என்று பார்த்தேன். அப்பாதான் கூப்பிட்டார்.

"சுரண்டினது எங்க?"

"தீப்பெட்டியில."

"எல்லாம் இருக்கா, இல்ல வித்துட்டியா?"

அதற்குள் அம்மா, "எனக்கு மட்டும் தெரியாதாக்கும்? ஞாயித்துக்கிழமையானா இவர் ஸ்வெட்டர் பையில சாவிக்கொத்தைப் போட்டது யாரு?" என்றாள். அப்பா, "அது தெரியும், தெரியும். முந்நூறு கிராம். சொன்னா எடுத்துடுவியேன்னு பேசாம இருந்தேன்" என்றார். உனக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது. என் கணக்கில் அந்தச் சாவி வரவே இல்லை அக்கா. நான் உனக்கு ஒப்புக்கொண்டு எழுதிய 43.2 கூட முந்நூறு கிராம் பொய்.

பட்டறை அடுப்பில் ஈயத்தை உருக்கினோமே, அது நினைவிருக்கிறதா? அம்மா, "என் சமையல் கரண்டியைத் தொட்டா கையை ஒடிப்பேன்" என்று வாசலிலேயே காவல் நின்றாள். தூளெல்லாம் முதலில் சாம்பல் மாதிரி கிடந்து, பிறகு திடீரென்று ஒன்றாகச் சேர்ந்து கண்ணாடித் துளி போல உருண்டது. அப்பா கரண்டியைப் பிடித்தார், நான் அவர் கையைப் பிடித்தேன், குழிக்குள் ஊற்றினோம். பிறகு சாவி இல்லாமல், ஸ்வெட்டர் இல்லாமல் எடை பார்த்தோம். 44.2. யாரும் ஏமாற்றாத எண். துரத்தித் துரத்தி அவர் அவ்வளவு தூரம் வந்திருக்கிறார்.

நீ போவதற்கு முந்தின நாள் நாலு பேரையும் ஒன்றாக மேடையில் ஏறச் சொன்னாரே, அதைத்தான் அடிக்கடி நினைக்கிறேன். அம்மா கூச்சப்பட்டாள். நீ என் காலை மிதித்தாய். யாரும் அசையக் கூடாது என்று அப்பா கையை நீட்டி, அவரே குண்டைத் தள்ளினார். இருநூற்றுப் பன்னிரண்டு. "இதுல என்னோடது எவ்வளவுன்னு சொல்லுங்க பாக்கலாம்" என்றார். முள் நின்ற பிறகும் நாம் இறங்கவில்லை.

உன் துண்டு இங்கே இருக்கிறது. அம்மா துவைக்கவிடவில்லை.

தங்கை

ஜூன் 19

அன்புள்ள கொசுவுக்கு,

நான் நலம். அந்தத் துண்டு அங்கேயே இருக்கட்டும்.

மலை திறந்துவிட்டது! செவ்வாய்க்கிழமை பகல். முதலில் ஒரு கை நுழையும் அளவு ஓட்டை, அதிலிருந்து காற்று வந்தது. இத்தனை மாதத்தில் உள்ளே காற்று வீசியதே இல்லை. அந்தப் பக்கத்து ஆள் ஒருவன் கையை நீட்டினான், இந்தப் பக்கத்து ஆள் பிடித்துக் குலுக்கினான். பிறகு அளந்து பார்த்தார்கள். இரண்டு பக்கமும் ஒரு சாண் விலகியிருந்தது. எல்லோரும் இஞ்சினியர் முகத்தையே பார்த்தோம். அவர், "இவ்வளவு தூரத்துக்கு ஒரு சாண் தப்பே இல்ல. செதுக்கிடலாம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து அழுதுவிட்டார். நான் அவருக்கு ஒரு முட்டை கொடுத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஜூலையில் நான் வர முடியாது. தெரிந்துதான் வந்தேன், தெரிந்துதான் போனேன். அப்பா சொன்னதுதான் சரி. ஆனால் அன்றைக்கு நீ எனக்காகவும் அங்கே இருக்க வேண்டும். யாராவது ஏதாவது கேட்டால் "ம்" சொல்லாதே.

எண் எழுது.

அக்கா

ஜூலை 8

அன்புள்ள அக்காவுக்கு,

ஆஸ்பத்திரிக் கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலையில் அப்பாவை உள்ளே கொண்டுபோனார்கள். பச்சை நிறக் கதவு. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் தாளைப் பார்க்கிறேன்.

ஞாயிறு வீட்டில் 47.3. திங்கள்கிழமை இங்கே சேர்ந்தோம். நர்ஸ் அக்கா அப்பாவைத் தராசில் நிறுத்தினார். உயரமாக, குண்டு நகர்கிற பழைய தராசுதான். "நாப்பத்தெட்டு புள்ளி ஒண்ணு. பாஸ் பண்ணிட்டீங்க ஐயா, இறங்குங்க" என்றார். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். அப்பா இறங்கவில்லை.

"சிஸ்டர், உங்க தராசு எண்ணூறு கிராம் கூடக் காட்டுது."

"எல்லாரும் எங்க தராசைத்தான் குறை சொல்வாங்க. இறங்குங்க."

"குறைச்சுக் காட்டுதுன்னு சொல்வாங்க. கூடக் காட்டுதுன்னு யாராவது சொன்னாங்களா? என் பொண்ணைக் கேளுங்க, அவளும் தராசுக்காரிதான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். பேசாமல் இருந்தால் போதும், புதன்கிழமை அறுவை. எனக்குப் பேசாமல் இருக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்மாவின் விரல்கள் "வேண்டாம், வேண்டாம்" என்றன. அப்பா என்னிடம் குனிந்து, "மயக்க மருந்தை இந்த எண்ணைப் பாத்துத்தான் கொடுப்பாங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, தாடையால் பின்னால் காட்டினார். வரிசையில் அடுத்ததாக ஒரு அம்மாவின் இடுப்பில் மொட்டைத் தலைக் குழந்தை இருந்தது. அதுவும் அதே தராசில்தான் ஏறப்போகிறது.

அப்பாவை இறக்கிவிட்டு வெறும் தராசைப் பார்த்தேன். குண்டு பூஜ்யத்தில் இருந்தது. முள் நடுவில் நிற்கவில்லை. கோலின் பின்னால் இருக்கும் திருகு கழன்று தள்ளிப்போயிருந்தது. சொன்னேன். நர்ஸ் அக்கா, "என்ன? கேக்கலம்மா" என்றார். இன்னொரு தடவை சொன்னேன். "கேக்கல." அப்போது எங்கிருந்து வந்தது என்று தெரியாது, கூடம் முழுக்கக் கேட்டது:

"யாருமே ஏறலன்னாலும் எண்ணூறு கிராம் காட்டுது. எங்கப்பா நாப்பத்தேழு முந்நூறுதான்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். யாரோ போய் டாக்டரம்மாவைக் கூட்டிவந்தார்கள். அவர் தராசைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார். எனக்கு அந்த முள் எப்போது நிற்கும் என்றிருந்தது.

"எழுநூறு கிராம் குறையுது."

"ஆமாம்மா" என்றார் அப்பா. "கூப்பிட்டேன், வரல."

"ரத்தம் நல்லா இருக்கு, மூச்சு நல்லா இருக்கு. எழுநூறு கிராமுக்காக உங்களை வீட்டுக்கு அனுப்பற மாதிரி இல்ல. புதன்கிழமை பண்றோம். ஆனா குழந்தைங்க ஏறுற தராசு இது, முதல்ல இதை யாரையாவது வரச்சொல்லி..."

அப்பா பையைத் திறந்தார். மாற்றுச் சட்டை இல்லை, துண்டு இல்லை, டூல் பெட்டி இருந்தது. "நான் எடுத்து வச்ச துணியெல்லாம் எங்க?" என்றாள் அம்மா. ஸ்பானரை என் கையில் கொடுத்தார், நான் திருகினேன், அவர் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். சரியாயிற்றா என்று கூடப் பார்க்கவில்லை. மொட்டைத் தலைக் குழந்தைதான் முதலில் ஏறியது. 9.4.

இன்று காலை கதவுக்குள் போகும்போது அப்பா அரைத் தூக்கத்தில் இருந்தார். "பெரியவளுக்கு எழுது. நலம்னு எழுதாத, எண்ணை எழுது" என்றார். இப்போதைக்கு எழுத எண் இல்லை அக்கா. மணி இரண்டு. கதவு திறக்கவில்லை. கூடத்தில் வெயில் ஒவ்வொரு நாற்காலியாக நகர்ந்து வருகிறது, பின்பக்கத்துப் படிகளில் வருவது போல. முள் ஆடிக்கொண்டிருக்கிறது. நான் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.

தங்கை

ஜூலை 27

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் 44.1. நீ நலமா?

தந்தி மாதிரி ஒரு வரி எழுதி அனுப்பினேனே, அது கிடைத்திருக்கும். இப்போதுதான் விவரமாக எழுத நேரம் வந்தது. இரைப்பையில் பாதிக்கு மேல் எடுத்துவிட்டார்கள். ஈரல் பக்கத்தில் கொஞ்சம் இருக்கிறது, அதைத் தொட முடியவில்லை, மறுபடி மருந்து ஏற்றிப் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. எவ்வளவு நாள் என்று அம்மா கேட்டாள். "அதை நிறுக்க என்கிட்ட தராசு இல்லம்மா" என்றார். அம்மாவுக்கு ஏனோ அந்தப் பதில் பிடித்துப்போய்விட்டது. அன்று உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அப்பா நாளெல்லாம் தூங்குகிறார். விழித்தால் உன் சூப்பைப் பற்றிக் கேட்கிறார். ஒரு தடவைக்கு மூன்று ஸ்பூன்தான் இறங்குகிறது. மூன்றாவதை விழுங்கிவிட்டு, "மலை திறந்துடுச்சா?" என்றார். திறந்துவிட்டது என்று சொன்னேன். ஒரு சாண் விலகியதையும் சொன்னேன். "செதுக்கிட்டாங்களா?" என்றார். செதுக்கிவிட்டார்களா அக்கா? அடுத்த கடிதத்தில் எழுது.

நேற்று ஞாயிறு. நானும் நர்ஸ் அக்காவும் இரண்டு பக்கமும் பிடித்து அப்பாவைத் தராசில் நிறுத்தினோம். நாங்கள் திருத்திய தராசு. அவர் கையை எடுக்கச் சொன்னார். எடுத்தோம். தனியாக நின்றார். நான் குண்டைத் தள்ளினேன். முள் ஏறியது, இறங்கியது. வார்டில் யாரோ இருமினார்கள், ஒரு தட்டு விழுந்தது, முள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு அது நின்றது.

"நாப்பத்தி நாலு புள்ளி ஒண்ணு."

கடைசிக் கட்டிலில் இருந்தவர் கூடத் திரும்பிப் பார்த்தார். மூன்று கிலோவுக்கு மேல் இறங்கியிருக்கிறது, இவள் ஏன் இப்படிக் கத்துகிறாள் என்று நினைத்திருப்பார்.

அப்பா கண்ணைத் திறக்காமலே கேட்டார்:

"முள்ளு நின்னுச்சா?"

"நின்னுச்சுப்பா."

"அப்ப சரி" என்றார். "பசிக்குது."

அன்புடன்,
தங்கை